பம்பு நின்ற ஊர்கள்

சுரங்கம் என்றதும் எவரும் முதலில் கேட்பது எவ்வளவு ஆழம் என்றுதான். பம்பு பூட்டப் போகிறவன் கேட்பது வேறு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது? மாசியில் எவ்வளவு, ஐப்பசியில் எவ்வளவு? இந்தக் கணக்குத் தெரிந்தால், அந்தச் சுரங்கமும் அதை நம்பிய கடைத்தெருவும் இன்னும் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கீழே எவ்வளவு மினிரன் கிடக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கிற சங்கதி.

மினிரன் என்றால் காரீயம். பென்சிலுக்குள் இருக்கிற அதே சாமான். 1969இல், பதினேழு வயதில், கொழும்புக் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்த லேத்துப் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தேன். அதுவரை எனக்கும் அது பென்சில் கரிதான். பட்டறைக்கு எல்லாம் வரும்: அச்சகத்தின் தேய்ந்த உருளை, தேங்காய் எண்ணெய் ஆலையின் பல்சக்கரம், துறைமுகத்து இழுவைப் படகின் ஷாஃப்ட். ஆனால் லொறியிலிருந்து இறக்கும்போதே கறுப்பாக மினுங்கிக்கொண்டு, கையில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு வருகிற சாமான் ஒன்றுதான். மினிரன் சுரங்கத்துப் பம்பு. அதைக் கழுவுவது புதுப் பொடியனின் வேலை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் மூன்று நாளைக்கு நகக்கண்ணில் வெள்ளி மினுக்கம் போகாது. கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டினால் ஐயர் ஒருமாதிரிப் பார்ப்பார்.

எங்கள் பெரிய பாஸ் வாக்கர்ஸ் கொம்பனியில் தொழில் பழகி வெளியே வந்தவர். அவருடைய தாயார் அந்தக் காலத்தில் துறைமுகப் பக்கம் ஒரு மினிரன் களத்தில் தெரிப்பு வேலை செய்தவர். சுரங்கத்திலிருந்து மூட்டையாக வருகிற கட்டிகளைக் கொழும்பில்தான் பிரிப்பார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து சின்னக் கைக்கோடரியால் ஒட்டியிருக்கிற வெள்ளைக் கல்லைக் கொத்தி எடுப்பார்கள். பெரிய கட்டி, சாதாரணக் கட்டி, சில்லு, தூள் என்று இனம் பிரித்து, கட்டிகளைச் சாக்கில் தேய்த்து மெருகேற்றிப் பீப்பாவில் அடைத்தால் கப்பலுக்குத் தயார். மெருகு எதற்கு என்று நான் கேட்டேன். "வாங்குறவன் கண்ணால பாத்துத்தானே விலை சொல்றான் தம்பி" என்றார் பெரிய பாஸ்.

வாங்கியவன் யார்? லண்டன் பற்றர்சியில் மோர்கன் கொம்பனி, அமெரிக்காவின் ஜேர்சி சிற்றியில் டிக்சன் கொம்பனி. பென்சில் சின்னக் காசு. பெரிய காசு மூசையில் இருந்தது. உருக்கையும் பித்தளையையும் உருக்குகிற மூசைக்கு, நெருப்பில் வெடிக்காத, உலோகத்தோடு கலக்காத சாமான் வேண்டும். எங்கள் நாட்டு மினிரன் பாறை வெடிப்புக்குள் நரம்பாக ஓடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சுத்தக் கரி. வணிக அளவில் இப்படி நரம்பாகக் கிடைப்பது உலகத்திலேயே இலங்கையில்தான். மற்ற நாடுகளில் அது மண்ணோடும் கல்லோடும் செதிலாகக் கலந்து கிடக்கும்.

முதலாம் உலகப் போரில் குண்டு செய்யப் பித்தளை வேண்டும், பித்தளை உருக்க மூசை வேண்டும். 1916இல் இந்தச் சின்னத் தீவிலிருந்து சுமார் 33,000 தொன் மினிரன் போயிருக்கிறது. குருநாகல், கேகாலை, களுத்துறை, காலி என்று மேற்கிலும் தெற்கிலும் நூற்றுக்கணக்கான குழிகள். தேயிலையும் றப்பரும் வெள்ளைக்காரன் கையில் இருந்தபோது, இது உள்ளூர் முதலாளிகளின் கையில் இருந்த பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. டி. எஸ். சேனநாயக்கவின் தகப்பனார் டொன் ஸ்பேட்டர் மினிரனில் பணம் பார்த்தவர். கஹட்டகஹ சுரங்கத்தில் பங்குள்ள குடும்பம் சேர் ஜோன் கொத்தலாவலவினுடையது. டி. எஸ்ஸின் மகன் டட்லியையும் சேர்த்தால், சுதந்திர இலங்கையின் முதல் மூன்று பிரதமர்களும் மினிரன் காசு புழங்கிய வீட்டுப் பிள்ளைகள். எங்கள் தமிழ் ஆட்களின் பங்கு வேறு வகை. 1903இல் கனிப்பொருள் அளவையின் முதல் பணிப்பாளராக வந்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. நடராஜரைப் பற்றி எழுதிய அதே குமாரசுவாமிதான். சிற்பத்தைப் பார்ப்பதற்கு முன்னர் அந்த மனுசன் சுத்தியலோடு இந்தக் குழிகளைத்தான் பார்த்துத் திரிந்தார். இதைச் சொன்னால் கலை இலக்கிய நண்பர்கள் நம்புவதில்லை.

போர் முடிந்ததும் விலை விழுந்தது. மடகஸ்காரின் செதில் காரீயம் மலிவாக வந்தது. உருக்கு ஆலைகள் மூசையை விட்டு மின்சார உலைக்கு மாறின. குழிகள் மளமளவென்று மூடின. இரண்டாம் போர் வந்ததும் திரும்பவும் ஏற்றம். 1942இல் சுமார் 27,000 தொன். பிறகு திரும்பவும் இறக்கம். நான் தொழிலுக்கு வந்தபோது பேர் சொல்லக்கூடியவையாக இருந்தவை சிலதான்: கேகாலை அருக்கம்மனைப் பக்கம் போகலை, குருநாகல் தொடங்கஸ்லந்தைப் பக்கம் கஹட்டகஹவும் அதன் பக்கத்துக் கொலங்கஹவும், அவற்றைச் சுற்றி உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த சில சிறு குழிகள்.

விலை விழுந்தால் சுரங்கம் ஏன் மூட வேண்டும், கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கடையைப் பூட்டிவிட்டு விலை ஏறியதும் திறக்கலாம். சுரங்கத்தைப் பூட்ட முடியாது. மினிரன் வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் தண்ணீர் ஊறிக்கொண்டேயிருக்கும். இறைக்கிற செலவு ஒரு நாளும் நிற்காது.

பழைய ஆட்கள் மழையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். குழிக்கு மேலே தபரய என்கிற மர உருளை, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சுற்றுவார்கள், கயிற்றில் பீப்பா இறங்கும். ஏறும்போது அதில் மினிரனும் வரும், தண்ணீரும் வரும். காட்டுத்தடியைக் கொடியால் கட்டிய ஏணியில் ஆள் இறங்குவான். மினிரன் தூள் படிந்த ஏணியில் வெறுங்காலோடு இறங்குவது என்னவென்று, இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மழை தொடங்கினால் குழியை விட்டுவிடுவார்கள். கோடையில் திரும்ப வந்து இறைத்துப் பார்ப்பார்கள். இறைக்கிற கூலி மினிரன் விலையை மிஞ்சினால் பக்கத்தில் புதுக்குழி. மேற்கு இலங்கைக் காடுகளில் இன்றைக்கும் மாடு விழுகிற பாழ்குழிகள் கிடப்பது இதனால்தான். நீராவி இயந்திரம் வந்த பிறகுதான் ஆழம் போனார்கள். நீராவி இயந்திரமே தண்ணீர் இறைக்கப் பிறந்தது. 1712இல் இங்கிலாந்தில் நியூகொமன் பூட்டிய முதல் இயந்திரம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துத் தண்ணீரைத்தான் இறைத்தது. ரயிலும் கப்பலும் பிறகு வந்த பெருமைகள். பம்புக்காரன் இதைச் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வது?

போகலைக்கு நான் முதலில் போனது பெரிய பாஸின் கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு. அங்கே தட்டுகளைப் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள், கடலில் ஆழம் பார்க்கிற அதே பாகம். ஆறு அடி ஒரு பாகம். பிற்காலத்தில் போகலை 275 பாகம் வரை இறங்கியது, அதாவது 1,650 அடி. தண்ணீரை 100 அடி உயரத்துக்குத் தள்ளச் சதுர அங்குலத்துக்கு 43 இறாத்தல் அழுத்தம் வேண்டும். 1,650 அடிக்கு 700க்கு மேல் போய்விடும். ஒரே பம்பால் தள்ளினால் குழாய் மூட்டு ஒன்று விட்டாலே பக்கத்தில் நிற்கிறவன் போய்விடுவான். அதனால் தட்டுக்குத் தட்டு ஒரு தொட்டி வெட்டி, அடித்தட்டுப் பம்பு மேல் தொட்டிக்கு, அந்தத் தொட்டிப் பம்பு அதற்கு மேல் தொட்டிக்கு என்று கைமாற்றித்தான் தண்ணீர் வெளியே வரும். இடையில் ஒன்று நின்றால் கீழே உள்ளவற்றையும் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் நடுத்தட்டு வழிந்து தண்ணீர் திரும்பவும் கீழே விழும். ஐந்து பம்பில் நான்கு ஓடுகிறது என்றால் வெளியார் காதுக்கு நல்ல செய்தி. எங்கள் கணக்கில் ஒன்றும் ஓடவில்லை.

மினிரன் சுரங்கத்தில் பம்பைக் கொல்வது மூன்று. முதலாவது தண்ணீர். மினிரனோடு கந்தகமுள்ள இரும்புக் கல்லும் கிடக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அது புளித்துத் தண்ணீரை அமிலமாக்கும். வார்ப்பிரும்பு இம்பெல்லர் அதில் சில மாதத்தில் பூச்சி அரித்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் கன்மெட்டலில் வார்த்துப் போடுவோம். இரண்டாவது, வெள்ளைக் கல் மணல். அது ஷாஃப்டின் கழுத்தைத் தின்னும். மூன்றாவதுதான் பொல்லாதது: மினிரன் தூள். அது மின்சாரத்தைக் கடத்தும். மோட்டாருக்குள்ளே ஊதிப் படிந்தால் சுற்றுக்குச் சுற்று பாலம் போட்டு எரித்துவிடும். ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் றப்பர் விளிம்பு ஒரு மயிரளவு விட்டாலும் போதும். கீழே இறங்கியதும் எங்கள் முதல் வேலை பம்பைப் பார்ப்பதல்ல, பெட்டி மூடியைத் துடைத்துப் பார்ப்பதுதான். வேடிக்கை என்னவென்றால், பம்பு ஷாஃப்டில் தண்ணீர் ஒழுகாமல் சுற்றுகிற கயிற்றிலும் மினிரன்தான் பூசியிருக்கும். அது இல்லாவிட்டால் கயிறு கருகிவிடும். பஞ்சிகாவத்தையில் அந்தக் கயிற்றைச் சீமைச் சாமான் என்று சீமை விலைக்கு வாங்கி, அது புறப்பட்ட ஊருக்கே கொண்டுபோவோம். மூசையும் அப்படித்தான். கேகாலைக் கரி பற்றர்சிக்குப் போய், மூசையாகித் திரும்பி வந்து, கொட்டாஞ்சேனை வார்ப்புப் பட்டறையில் எங்கள் இம்பெல்லருக்கு கன்மெட்டல் உருக்கும். இங்கேயே மூசை செய்யக்கூடாதா என்று அந்த நாளிலிருந்தே பேச்சு. பேச்சாகத்தான் இருந்தது.

கீழே வேலை செய்தவர்களில் அனேகம் பேர் சிங்களக் கிராமத்தவர்கள். காலி, மாத்தறைப் பக்கமிருந்து வந்து தலைமுறையாக ஊன்றியவர்களும் உண்டு. என்னைப் "பாஸ் உன்னஹே" என்பார்கள். அரைக்கு மேலே துணியில்லாமல், உடம்பெல்லாம் கறுப்பு மினுக்கத்தோடு, இருட்டில் பல்லும் கண்ணும் மட்டும் தெரிய நின்று பேசுவார்கள். தண்ணீர் ஏறுகிற நாட்களில் அவர்கள் பம்பைப் பார்ப்பதில்லை, பம்பு பூட்டுகிறவனின் முகத்தைப் பார்ப்பார்கள். நான் அந்த நாட்களில் முகத்தை எவருக்கும் காட்டாமல் திரும்பி நின்று வேலை செய்யப் பழகினேன்.

மேலே ஊர் என்று ஒன்று இருந்தது. பெரிய பட்டணம் என்று நினைக்கவேண்டாம். சுரங்கத்து வாயிலிலிருந்து பஸ் நிற்கிற சந்தி வரைக்கும் ஒரு கடைத்தெரு. தேத்தண்ணிக் கடை, துணிக்கடை, அடைவு பிடிப்பவர், சைக்கிள் திருத்துகிறவர், சாராயத் தவறணை. சம்பள நாளில் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து நகை வாங்கிவந்து தவணைக்கு விற்கிற ஆளையும் கண்டிருக்கிறேன். எல்லாம் கடன் கொப்பியில் ஓடியது. சுரங்கத்தில் பம்பு பழுது என்றால் தேத்தண்ணிக் கடைக்காரர் கொப்பியை மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். சுரங்க அலுவலகத்தில் தெரிவதற்கு முன்னர் அவருக்குத் தெரியும்.

1971இல் அரசாங்கம் சுரங்கங்களைச் சுவீகரித்தது. நல்லதா கெட்டதா என்ற சண்டையில் எனக்கு ஒரு பக்கச் சார்பும் இல்லை. தொழிலாளிக்குச் சேமலாப நிதியும் ஒழுங்கான சம்பளமும் வந்ததைக் கண்ணால் கண்டேன். ஆனால் முன்பு முதலாளியிடம் தொலைபேசியில் "ஐயா, மோட்டார் போயிட்டுது" என்றால் பின்னேரம் காசோடு ஆள் வரும். பிறகு மூன்று விலைமனு வேண்டும் என்றார்கள். ஒரு கந்தோரில் எங்கள் பில் மாதக்கணக்கில் மேசை மாறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு விலைமனு தெரியாது.

83 ஜூலை இனக்கலவரத்தில் பட்டறை எரிந்தது. அதன்பிறகு கொஞ்சக் காலம் நான் மேலே போகவில்லை. சுரங்கத்துப் பிட்டர்மார் இம்பெல்லரையும் ஷாஃப்டையும் சாக்கில் கட்டி, பஸ் ஏறி, நான் வாடகை லேத்து வைத்திருந்த இடத்தைத் தேடிப்பிடித்து வந்தார்கள். ஒருவர் வீட்டுப் பலாக்காயும் கொண்டுவந்தார். அரசியல் பேசவில்லை. கழுத்து எத்தனை நூல் தேய்ந்திருக்கிறது என்பதைப் பேசினோம்.

பம்பு பூட்டுகிறவனைக் கழற்றவும் கூப்பிடுவார்கள். குருநாகல் பக்கம் ஒரு சிறு சுரங்கத்தை நிறுத்தத் தீர்மானமாகி, விலைபோகக்கூடிய சாமானை மேலே எடுத்துத் தரச் சொன்னார்கள். இதற்கும் ஒரு முறை இருக்கிறது. அடித்தட்டுப் பம்பைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்திய நிமிடத்திலிருந்து தண்ணீர் பின்னாலே வரும். மோட்டாரை முதலில், பிறகு ஸ்டார்ட்டர், பிறகு வயர், கடைசியாகப் பம்பு. போல்ட்டுகள் துருவில் உறைந்திருக்கும், ஸ்பனர் மினிரனில் வழுக்கும், உளியால் வெட்டித்தான் எடுப்போம். குழாய்களை விட்டுவிடுவோம். இழுத்து ஏற்றுகிற கூலிக்குப் பழைய இரும்பு விலை காணாது. ஒரு தட்டை முடித்து ஏறும்போது கீழே பார்த்தால், காலையில் நின்று வேலை செய்த இடம் இருக்காது.

அந்த அடித்தட்டில், பம்புத் தொட்டிக்கு எதிர்ச் சுவரில், நரம்பு நன்றாகத் தெரிந்தது. ஒரு முழ அகலம். விளக்கை உயர்த்தினால் ஊசி ஊசியாய் மினுங்கியது. மேலே வந்தபோது வாசலில் நின்ற ஒரு மூதாட்டி கேட்டார், மினிரன் தீர்ந்துபோய்விட்டதா மகன் என்று. இல்லை அம்மா, இருக்கிறது என்றேன். பிறகு ஏன் என்று கேட்டார். லண்டன் விலையையும் மின்சார பில்லையும் என் சிங்களத்தில் விளக்க முயன்றேன். அவர் என்னைப் பொய் சொல்லுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்படியான பதிலை நம்புவது கஷ்டம்தான். வயல் விளையவில்லை, மீன் படவில்லை என்றால் புரியும். கண்ணுக்கு முன்னால் கிடக்கிற பொருளை விட்டுவிட்டு வருவது எவருக்கும் புரியாது.

கைவிடப்பட்ட சுரங்க நகரம் என்றால் படங்களில் காட்டுவார்கள்: வறண்ட வெளி, காற்றில் அடிபடுகிற கதவு. அமெரிக்காவில், நமீபியாவில் அப்படி இருக்கலாம். எங்கள் ஈரமான நாட்டில் ஊர் அப்படி நிற்பதில்லை. மூன்று மழை போதும். இன்ஜின் கொட்டகைக்குள் செடி முளைக்கும், பொயிலர் மேலே பாசி ஏறும், லயத்துத் தகரம் யாரோ வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போகும். கடைத்தெருவில் இரண்டு கடை மிஞ்சும். ஆட்கள் போய்விடுவதில்லை. றப்பர் பால் வெட்டுவார்கள், பெண்பிள்ளைகள் தையல் ஆலைக்குப் போவார்கள், பையன்கள் பட்டாளத்துக்கோ மத்திய கிழக்குக்கோ. ஊர் சாகாது, வேறு ஊராகிவிடும். கோலார் தங்கவயலைப் பற்றியும் இதையே கேள்விப்படுகிறேன். தமிழர் வியர்வையில் பத்தாயிரம் அடிக்கு மேல் இறங்கிய சுரங்கம் அது. 2001 பெப்ரவரி 28இல் மூடினார்கள், பம்பு நின்றது, தண்ணீர் நிறைந்தது. ஆனால் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் அந்த லயங்களில்தான் தூங்குகிறார்கள். கோலாருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கப் போன கோர்ன்வால்காரரின் ஊரிலும் கடைசித் தகரச் சுரங்கம் சவுத் குரொஃப்டி 1998இல் மூடி அதேமாதிரி நிறைந்தது.

எங்கள் நாட்டில் போகலை இன்னும் ஓடுகிறது. தொண்ணூறுகளில் தனியார் கைக்குப் போய், பிறகு ஜேர்மன்காரரும் வந்தார்கள். கஹட்டகஹ அரசாங்கக் கொம்பனியாக ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து தருவது 1916இன் சிறு பங்குதான். ஆனால் இப்போது புதுப் பேச்சு. மின்சாரக் கார் பற்றறிக்குக் காரீயம் வேண்டுமாம். கிராபீன் என்று அதையே ஓர் அணுத் தடிப்பில் உரித்தெடுத்தவர்களுக்கு 2010இல் நோபல் பரிசும் கிடைத்தது. கனடாவில் பதிவான கொம்பனியொன்று பழைய குழிகளை இறைத்துத் திறக்க வந்தது. என் மகளின் வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு, கடந்த மழைக்கு முந்தி, ஓர் இளம் பொறியியலாளர் வந்தார். நல்ல பிள்ளை. நான் பம்பு கழற்றிய அந்தச் சுரங்கத்தின் பழைய படத்தை மடிக்கணினியில் வைத்திருந்தார்.

"அங்கிள், கீழே விட்ட குழாயைத் திரும்பப் பாவிக்கலாமா?"

அதை மறந்துவிடச் சொன்னேன், அமிலம் தின்றிருக்கும். தண்ணீரை ஒரேயடியாக இறைத்து இறக்காமல் தட்டுத் தட்டாக நிறுத்தி இறக்கவேண்டும், நனைந்த மரத் தாங்கிகள் காற்றுப்பட்டதும் விடும் என்றேன். தண்ணீர் இறங்கிய தட்டுக்குள் ஆளை விடுவதற்கு முன் காற்றைச் சோதிக்கவேண்டும். மூழ்குபம்பு இப்போது மலிவு, ஆனால் மூடி றப்பரை மாதம் ஒருமுறை மாற்று, தூள் போனால் அவ்வளவுதான். ஐப்பசி ஊற்றை அளக்காமல் மோட்டார் குதிரைவலுவைத் தீர்மானிக்காதே. இவற்றையெல்லாம் தொலைபேசியில் எழுதிக்கொண்டார்.

பிறகு நான் கேட்டேன், இந்த விலை எத்தனை வருடத்துக்கு நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்?

"அது எங்கட பகுதி இல்லை, அங்கிள். வன்கூவரில பாக்கினம்."

தேத்தண்ணி ஆறிவிட்டது, குடியுங்கள் தம்பி என்றேன்.